பட்டம் எவ்வளவு, கடன் எவ்வளவு?
சமூக அறிவியல் படிக்க விரும்பும் பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு பாடம்





பிளஸ் டூ முடிவு வந்துவிட்டால் நம் டிரஸ்ட் அலுவலகத்தில் கூட்டம் கூடிவிடும். மதிப்பெண் பட்டியலும் கல்லூரி விண்ணப்பமும் கையுமாக வருகிறவர்களில் பொறியியல், நர்சிங், பி.காம். கேட்பவர்களே முன்பெல்லாம் அதிகம். இப்போது வரலாறு, பொருளியல், சமூகவியல், உளவியல், சமூகப் பணி என்று கேட்டு வரும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களில் பெண் பிள்ளைகளே கூடுதல். அல்ஹம்துலில்லாஹ், இது நல்ல மாற்றம்.

ஆனால் இந்தப் பிள்ளைகளின் பெற்றோர் இரண்டு விதமாகப் பேசக் கேட்கிறோம். "பி.ஏ. படித்து என்ன சம்பாதிக்கப் போகிறாய்?" என்று வாசலிலேயே தடுத்துவிடுவோர் ஒரு சாரார். "பேர் பெற்ற கல்லூரி, எவ்வளவு கடன் ஆனாலும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று வீட்டுப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவோர் மறு சாரார். இரண்டு பேச்சிலும் இல்லாதது ஒன்றுதான்: கணக்கு. படிப்புக்காக வாங்கும் கடனையும், அந்தப் படிப்பு முடித்தால் கைக்கு வரக்கூடிய சம்பளத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்ப்பது எப்படி என்பதே இந்த இதழின் பாடம்.

1. இந்தப் படிப்பு வீண் அல்ல

முதலில் ஒரு தவறான எண்ணத்தைக் களைந்துவிடுவோம். சமூக அறிவியல் என்பது வேறு இடம் கிடைக்காதவர்கள் சேரும் படிப்பு அல்ல. மக்கள் கூட்டங்கள் எப்படி வலுப்பெறுகின்றன, எப்படித் தளர்கின்றன, வரி கூடினால் வணிகம் என்ன ஆகிறது என்றெல்லாம் ஆராய்ந்து, 1377-இல் 'முகத்திமா' எழுதிய இப்னு கல்தூன் நம் முன்னோர்களில் ஒருவர். அவர் தூனிஸில் பிறந்து கெய்ரோவில் மறைந்தவர். இன்றைய சமூகவியலாளர்களும் பொருளியலாளர்களும் அவரைத் தம் துறையின் முன்னோடி என்று மதிக்கிறார்கள்.

அண்மைக் காலத்துக்கு வந்தால், இந்திய முஸ்லிம்களின் கல்வி, வேலை, வங்கிக் கடன் வசதி ஆகியவை எந்த நிலையில் உள்ளன என்பதைப் புள்ளிவிவரத்தோடு நாட்டுக்குக் காட்டியது 2006-இல் வெளிவந்த சச்சார் குழு அறிக்கை. நீதிபதி ராஜிந்தர் சச்சார் தலைமை வகித்த அந்தக் குழுவின் உறுப்பினர்-செயலர் அபுஸாலிஹ் ஷரீஃப் ஒரு பொருளியலாளர். நாம் மேடையில் உணர்ச்சியாகப் பேசி வந்ததை எண்ணாலும் அட்டவணையாலும் நிறுவிக் காட்டச் சமூக அறிவியல் படித்தவர்கள் தேவைப்பட்டார்கள். வழக்கறிஞர், ஆசிரியர், பத்திரிகையாளர், மாவட்ட அதிகாரி, மருத்துவமனை சமூகப் பணியாளர் என்று நம் சமுதாயத்துக்குப் பற்றாக்குறையாக உள்ள பல பணிகளுக்கு வாசல் இந்தப் படிப்புதான்.

ஆகவே "படிக்காதே" என்று நாங்கள் சொல்லவில்லை. "எவ்வளவு விலை கொடுத்துப் படிக்கிறாய் என்று பார்" என்றுதான் சொல்கிறோம்.

2. கடன் என்பது அமானிதம்

பெருமானார் (ஸல்) அவர்கள் தொழுகையில் கடன் சுமையிலிருந்து அதிகமாகப் பாதுகாவல் தேடுவார்கள். அதன் காரணத்தைக் கேட்டபோது, கடன்பட்ட மனிதன் பேசினால் பொய் சொல்ல நேர்கிறது, வாக்களித்தால் மாறு செய்ய நேர்கிறது என்ற கருத்தில் விளக்கமளித்தார்கள். கடன் பணத்தை மட்டும் அல்ல, குணத்தையும் தின்றுவிடும் என்பது இதிலிருந்து நமக்குக் கிடைக்கும் படிப்பினை.

அதோடு, வங்கிக் கல்விக் கடன் வட்டியோடு வருவது. வட்டி ஹராம் என்பதில் நமக்குள் கருத்து வேறுபாடு இல்லை. வேறு வழியே இல்லாத நிர்ப்பந்தம் என்று ஒருவர் கருதினால், அது உண்மையில் நிர்ப்பந்தம்தானா என்பதைத் தம் நிலைமையை முழுமையாகச் சொல்லி உலமாக்களிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். இந்தப் பக்கத்தில் நாங்கள் ஃபத்வா சொல்ல வரவில்லை. ஆனால் நம் குடும்பங்களில் பலர் கணக்குப் பார்க்காமலே வங்கிக் கடனில் கையெழுத்திடுகிறார்கள் என்பது உண்மை. எனவே அந்தக் கடன் எப்படி வளர்கிறது என்பதையாவது எல்லோரும் தெரிந்துகொள்வது நல்லது.

3. வங்கிக் கடன் எப்படி வளர்கிறது?

பொதுத்துறை வங்கிகள் பெரும்பாலும் பின்பற்றும் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில் 4 லட்சம் ரூபாய் வரை நம் பங்காக எதுவும் போட வேண்டியதில்லை. 7.5 லட்சத்துக்கு மேல் போனால் சொத்து அடமானம் கேட்பார்கள். பெற்றோர் கூட்டுக் கடனாளியாகக் கையெழுத்திட வேண்டும். படிப்புக் காலமும் அதற்குப் பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டாம். அதன் பிறகு 15 ஆண்டு வரை தவணை போடலாம்.

"படிக்கிற வரைக்கும் வட்டி கிடையாது" என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது சரியல்ல. தவணைதான் கிடையாது, வட்டி முதல் நாளிலிருந்தே ஏறிக்கொண்டிருக்கும். படிப்புக் கால வட்டியை மத்திய அரசே ஏற்கும் மானியத் திட்டம் ஒன்று 2009 முதல் இருக்கிறது. ஆனால் அது தொழில், தொழில்நுட்பப் படிப்புகளுக்கானது. பி.ஏ. வரலாறோ சமூகவியலோ படிப்பவர் அதை நம்பிக் கடன் வாங்கக் கூடாது. 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற பி.எம். வித்யாலட்சுமி திட்டத்தில், தரவரிசையில் தேர்வான கல்வி நிறுவனங்களில் சேர்வோருக்கு அடமானமும் ஜாமீனும் இல்லாமல் கடன் கிடைக்கும். குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்தால், 10 லட்சம் வரையிலான கடனுக்கு, தவணை தொடங்கும் வரையிலான காலத்துக்கு 3 சதவீத வட்டிச் சலுகைக்கும் விண்ணப்பிக்கலாம். அப்போதும் மீதி வட்டி நம் தலையில்தான்.

இனி ஒரு கணக்கு. வெளியூர் தனியார் கல்லூரி ஒன்றில் மூன்றாண்டு பி.ஏ. என்று வைத்துக்கொள்வோம். கட்டணமும் விடுதியும் சாப்பாடும் சேர்த்து ஆண்டுக்கு 2 லட்சம், மொத்தம் 6 லட்சம். முழுவதும் கடன். கணக்கு எளிதாக இருக்க வட்டி 10 சதவீதம் என்று கொள்வோம்.

முதலாண்டு வாங்கிய 2 லட்சத்துக்குத் தவணை தொடங்கும் வரை 4 ஆண்டு வட்டி: 80,000 ரூபாய்.
இரண்டாமாண்டு 2 லட்சத்துக்கு 3 ஆண்டு வட்டி: 60,000 ரூபாய்.
மூன்றாமாண்டு 2 லட்சத்துக்கு 2 ஆண்டு வட்டி: 40,000 ரூபாய்.

ஆக, முதல் தவணை கட்டும் முன்பே 6 லட்சம் 7,80,000 ஆகிவிட்டது. இதைப் 10 ஆண்டில் அடைப்பதானால் மாதம் சுமார் 10,300 ரூபாய். முடியும்போது மொத்தம் கட்டியிருப்பது 12 லட்சத்து 37 ஆயிரம். "தவணை பெரிதாக இருக்கிறது, 15 ஆண்டாக நீட்டித் தாருங்கள்" என்று கேட்டால் மாதம் சுமார் 8,400 ஆகக் குறையும். ஆனால் மொத்தம் 15 லட்சத்தைத் தாண்டிவிடும்.

இன்னொன்றையும் யோசியுங்கள். பிள்ளை கல்லூரியில் சேரும்போது வாப்பாவுக்கு 50 வயது என்றால், தவணை தொடங்கும்போது 54. பத்தாண்டுத் தவணை முடியும்போது 64, பதினைந்தாண்டு என்றால் 69. பிள்ளையால் கட்ட முடியாத மாதத்தில் வங்கி தேடி வருவது கூட்டுக் கடனாளியான வாப்பாவைத்தான். தவணை தவறினால் இருவருடைய கடன் வரலாறும் கெடும்.

4. சம்பளம் எங்கிருந்து வருகிறது?

பொறியியல், நர்சிங் போன்ற படிப்புகளுக்குப் பட்டத்தின் பெயரிலேயே ஒரு வேலையின் பெயர் இருக்கிறது. பி.ஏ. சமூகவியல் என்ற பட்டத்துக்கு அப்படி நேரான வேலை ஒன்று இல்லை. இந்தப் படிப்பில் முதல் பட்டம் அடித்தளம். வருமானம் பெரும்பாலும் அதன் மேல் வைக்கும் இரண்டாவது படியிலிருந்து வருகிறது. இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் கடன் விஷயத்தில் பாதித் தெளிவு வந்துவிடும். அந்த இரண்டாவது படிகள் சிலவற்றைப் பார்ப்போம்.

ஆசிரியர் பணி: வரலாறு, புவியியல் படித்தவர்கள் இளங்கலை முடித்ததும் பி.எட். சேரலாம். பொருளியல், சமூகவியல், அரசியல் அறிவியல் போன்ற பாடங்களுக்குத் தமிழ்நாட்டில் முதுகலை முடித்த பிறகே பி.எட். சேர முடியும். பி.எட். இப்போது இரண்டாண்டு. ஆக, வரலாறு படிப்பவருக்கு 5 ஆண்டு, பொருளியல் படிப்பவருக்கு 7 ஆண்டு. சேரும்போதே இது தெரிந்திருக்க வேண்டும். அரசுப் பள்ளியில் பட்டதாரி ஆசிரியருக்கு அடிப்படை ஊதியம் 36,400 ரூபாயிலும், முதுகலை ஆசிரியருக்கு 36,900 ரூபாயிலும் தொடங்குகிறது. அகவிலைப்படி தனி. ஆனால் தகுதித் தேர்வு, போட்டித் தேர்வு என்று கடக்க வேண்டியவை உண்டு. அறிவிப்பு எப்போது வரும் என்பது நம் கையில் இல்லை.

அரசுப் போட்டித் தேர்வுகள்: குரூப் 4 இளநிலை உதவியாளருக்கு அடிப்படை ஊதியம் 19,500 ரூபாயில் தொடங்குகிறது. அதற்குப் பத்தாம் வகுப்பே போதும், பட்டம் கட்டாயம் இல்லை. குரூப் 2, குரூப் 1-க்குப் பட்டம் வேண்டும். எந்தப் பட்டமானாலும் சரி, எந்தக் கல்லூரியானாலும் சரி. வரலாறு, அரசியலமைப்பு, பொருளாதாரம் ஆகியவை பொது அறிவுத் தாளில் வருவதால் இந்தப் படிப்புக்காரர்களுக்குக் கொஞ்சம் முன்னிலை உண்டு. தேர்வு எழுதுகிறவரிடம் எந்தக் கல்லூரியில் எவ்வளவு கட்டிப் படித்தாய் என்று யாரும் கேட்பதில்லை. பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 2007 முதல் உள்ள 3.5 சதவீத இடஒதுக்கீடு கல்லூரிச் சேர்க்கைக்கும் மாநில அரசுப் பணிக்கும் பொருந்தும். சாதிச் சான்றிதழை இப்போதே சரியாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

சமூகப் பணி: எம்.எஸ்.டபிள்யூ. முடித்தவர்களை மருத்துவமனைகள், தொண்டு நிறுவனங்கள், குழந்தைப் பாதுகாப்பு அலகுகள் எடுக்கின்றன. பெரிய தொழிற்சாலைகள் தொழிலாளர் நல அலுவலர் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை தோல், காலணித் தொழிற்சாலைகளை நடத்துவோரில் நம்மவர்கள் பலர் என்பது உங்களுக்குத் தெரியும். அங்கெல்லாம் இந்தப் படிப்புக்கு இடமுண்டு. அரசுத் திட்டங்களில் வரும் பணிகள் பெரும்பாலும் ஒப்பந்த அடிப்படையிலானவை என்பதையும் கவனத்தில் கொள்ளுங்கள்.

சட்டம்: எந்தப் பட்டம் முடித்தவரும் மூன்றாண்டு சட்டப் படிப்புக்கு விண்ணப்பிக்கலாம். திருநெல்வேலியிலேயே அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது. பட்டம் வாங்கியவுடன் வருமானம் வராத தொழில் இது. முதல் சில ஆண்டுகள் மூத்த வழக்கறிஞரிடம் இருந்து தொழில் கற்க வேண்டும். அந்த ஆண்டுகளில் தலையில் கடன் தவணை இருந்தால் தொழிலையே விட்டுவிட நேரும்.

உளவியல்: பெண் பிள்ளைகள் அதிகம் விரும்புகிறார்கள். நல்ல துறை. ஆனால் பி.எஸ்சி. அல்லது எம்.எஸ்சி. உளவியல் மட்டும் முடித்தவர் மருத்துவ உளவியலாளர் என்று பலகை மாட்டிக்கொள்ள முடியாது. இந்திய மறுவாழ்வுக் கழகம் அங்கீகரித்த பயிற்சியை முடித்துப் பதிவு செய்ய வேண்டும். கல்லூரி விளம்பரம் இதைச் சொல்லாது.

ஆய்வும் கல்லூரி ஆசிரியர் பணியும்: முதுகலைக்குப் பின் நெட் தேர்வில் இளநிலை ஆய்வு உதவித்தொகைக்குத் தேர்வானால் மாதம் 37,000 ரூபாய் கிடைக்கும். கடன் வாங்காமல் முனைவர் பட்டம் படிக்க இதுவே நேர்வழி. சிறுபான்மையினருக்கென்று இருந்த மௌலானா ஆசாத் ஆய்வு உதவித்தொகையும், வெளிநாட்டுப் படிப்புக்கான கடனுக்கு வட்டி மானியம் தந்த 'படோ பர்தேஷ்' திட்டமும் 2022-23 முதல் நிறுத்தப்பட்டுவிட்டன. பழைய துண்டறிக்கையைப் பார்த்து அவற்றை நம்பித் திட்டமிட வேண்டாம்.

இரண்டாவது படி இல்லாமல் பி.ஏ.வோடு நிறுத்தி, உடனே வேலைக்குப் போகிறவர்களுக்குத் தனியார் அலுவலகம், கடை நிர்வாகம், தொண்டு நிறுவனக் களப்பணி போன்றவைதான் முதலில் கிடைக்கும். அதற்கு மாதம் 15,000 ரூபாய் என்று வைத்துக் கணக்குப் போடுவோம். நல்ல ஆங்கிலமும், கணினியில் கணக்கு அட்டவணை போடத் தெரிவதும், புள்ளியியல் அறிவும் இருந்தால் இது கூடும். பொருளியல் படிக்கும் பிள்ளை கணக்குப் பாடத்தைப் பார்த்து ஒதுங்காமல் இருந்தால் வாசல்கள் அதிகம்.

5. தராசில் வைத்தால்

மாதம் 15,000 சம்பளம். அதில் 10,300 தவணை. மீதி 4,700. இதில் பேருந்துக் கட்டணம், சாப்பாடு, உடை, வீட்டுக்குக் கொடுக்க வேண்டியது எல்லாம் அடங்க வேண்டும். 15 ஆண்டாக நீட்டினாலும் மீதி 6,600தான். இது முடியாத கணக்கு. முடியாததால் என்ன நடக்கிறது? உம்மாவின் நகை அடகுக்குப் போகிறது, அல்லது வாப்பா ஓய்வெடுக்க வேண்டிய வயதில் மறுபடி வளைகுடாவுக்குப் போகிறார். பிள்ளை பி.எட்., எம்.எஸ்.டபிள்யூ. என்று மேலே போக வேண்டிய நேரத்தில் தவணைக்காகக் கிடைத்த வேலையில் மாட்டிக்கொள்கிறது. முதல் பட்டத்துக்கு வாங்கிய பெரிய கடன், வருமானம் தரும் இரண்டாவது படியை அடைத்துவிடுகிறது. இதுதான் பெரிய நஷ்டம்.

இதே பிள்ளை உள்ளூரில் அரசுக் கல்லூரியிலோ உதவி பெறும் பிரிவிலோ படிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கட்டணம், பேருந்து, புத்தகம் எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 25,000 என்றாலும் மூன்றாண்டுக்கு 75,000. இதைக் குடும்பமே சிறுகச் சிறுகச் சமாளித்துவிடலாம், கடன் வேண்டியதில்லை. பிறகு பி.எட். அல்லது எம்.எஸ்.டபிள்யூ.வுக்கு 1 லட்சம் வட்டியில்லாக் கடன் வாங்கினால், மாதம் 2,500 வீதம் 40 மாதத்தில் தீர்ந்துவிடும். 15,000 சம்பளத்திலேயே இது முடியும். அரசுப் பணி கிடைத்தால் இன்னும் விரைவில் முடியும்.

இதிலிருந்து நம் டிரஸ்ட் இரண்டு அளவுகோல்களை வைத்திருக்கிறது. நீங்களும் வீட்டில் வைத்துக்கொள்ளலாம்.

ஒன்று: வாங்கும் மொத்தக் கடன், முதல் வேலையின் ஓராண்டுச் சம்பளத்தைத் தாண்டக் கூடாது. 15,000 சம்பளம் என்றால் ஓராண்டுக்கு 1,80,000. அதுதான் எல்லை.

இரண்டு: மாதத் தவணை, மாதச் சம்பளத்தில் ஆறில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. 15,000-க்கு 2,500.

கணக்குப் போடும்போது கிடைத்தால் கிடைக்கும் என்ற பெரிய சம்பளத்தைப் போடாதீர்கள். பெரும்பாலோருக்குக் கிடைக்கிற முதல் சம்பளத்தைப் போடுங்கள். கலெக்டர் ஆகட்டும் என்று துஆச் செய்யுங்கள், ஆனால் கலெக்டர் சம்பளத்தை நம்பிக் கடன் வாங்காதீர்கள்.

6. அதே பட்டம், குறைந்த செலவில்

பலர் கவனிக்காத ஒரு விஷயம்: அரசு உதவி பெறும் கல்லூரிகளில் உதவி பெறும் பிரிவு, சுயநிதிப் பிரிவு என்று இரண்டு உண்டு. வளாகம் ஒன்று, பல்கலைக்கழகம் ஒன்று, பட்டமும் ஒன்று. கட்டணம் மட்டும் பல மடங்கு வேறுபடும். சமுதாயப் பெரியவர்கள் நிறுவிய கல்லூரிகளான திருச்சி ஜமால் முகமது கல்லூரி, பாளையங்கோட்டை சதக்கத்துல்லா அப்பா கல்லூரி போன்றவற்றில் விண்ணப்பிக்கும்போது, கேட்கும் பாடம் எந்தப் பிரிவில் இருக்கிறது என்று முதலில் விசாரியுங்கள். முதல் நாளே விண்ணப்பித்தவருக்கும் கடைசி நாளில் ஓடுபவருக்கும் இதில்தான் வித்தியாசம் வருகிறது.

அரசு கலைக் கல்லூரிகளுக்கு இணைய வழியில் விண்ணப்பிக்கலாம். நெல்லையில் பெண் பிள்ளைகளுக்கு ராணி அண்ணா அரசு மகளிர் கல்லூரி இருக்கிறது. முதுகலைக்கு மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் வரலாறு, பொருளியல், சமூகவியல், குற்றவியல் துறைகள் உள்ளன. வெளியூர் போக விருப்பமென்றால் திருவாரூரில் மத்தியப் பல்கலைக்கழகம் உண்டு. க்யூட் நுழைவுத் தேர்வு எழுத வேண்டும், கட்டணம் தனியாரைவிட மிகக் குறைவு. பேர் பெற்ற இடத்தில் படிக்க ஆசைப்படும் பிள்ளைக்கு நாங்கள் சொல்வது: முதல் பட்டத்தை இங்கே முடித்துவிட்டு, முதுகலைக்கு நுழைவுத் தேர்வு எழுதி அங்கே போ. உன் சான்றிதழில் கடைசியாக நிற்கும் பெயரைத்தான் வேலை தருகிறவர்கள் முதலில் பார்ப்பார்கள்.

வேலை பார்த்துக்கொண்டே படிக்க வேண்டிய நிலையில் உள்ளவர்களுக்கு இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. சேரும் முன் அந்தப் பாடத்துக்குப் பல்கலைக்கழக மானியக் குழுவின் அங்கீகாரம் அந்த ஆண்டுக்கு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

அரசு உதவிகளையும் விடாதீர்கள். ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் பிள்ளைக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், ஆண் பிள்ளைக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் உண்டு. மூன்றாண்டில் இது 36,000 ரூபாய். மேலே சொன்ன 75,000-இல் கிட்டத்தட்டப் பாதி. இதைக் கல்லூரிச் செலவுக்கே ஒதுக்குங்கள், கைபேசித் தவணைக்குப் போய்விடக் கூடாது.

7. பெண் பிள்ளைகள் விஷயத்தில்

உம்மாமார்கள் பீடி சுற்றிச் சேர்த்த காசில் படிக்க வரும் பெண் பிள்ளைகளை நாங்கள் ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறோம். அவர்கள் பெயரில் கடன் வாங்கும்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. கடன் முடியும் முன் நிக்காஹ் ஆனால் தவணையை யார் கட்டுவது?

இதை யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை. பேசாததால் கல்யாணத்துக்குப் பிறகு பெண்ணும் வாப்பாவும் மாப்பிள்ளை வீட்டாரும் மனம் சங்கடப்படுகிறார்கள். மார்க்கப்படி பெண்ணின் சம்பாத்தியம் அவளுடைய சொத்து. அவள் பெயரில் உள்ள கடனை அவளே கட்ட வேண்டுமானால் அவள் வேலைக்குப் போக இரு வீட்டாரும் ஒப்புக்கொள்ள வேண்டும். வேலைக்கு அனுப்புவதில்லை என்று வீட்டில் முடிவென்றால், கடனை வாப்பாவோ சகோதரரோ ஏற்பதாக எழுத்தில் இருக்க வேண்டும். மாப்பிள்ளை வீட்டாரிடமும் மறைக்கக் கூடாது. இது ஒன்றும் வெட்கப்படும் விஷயம் இல்லை. படிப்புக்கான கடன் கௌரவமான கடன்தான், மறைத்தால்தான் அது பிரச்சினை ஆகிறது.

அதே நேரத்தில், "எப்படியும் கல்யாணம் ஆகப் போகிறவள், எதற்குச் செலவு?" என்று படிப்பை நிறுத்துவதையும் நாங்கள் ஏற்கவில்லை. கையில் ஒரு தகுதி உள்ள பெண், குடும்பத்துக்கு ஒரு சோதனை வரும்போது தூணாக நிற்பாள். கடன் சிறிதாக இருந்தால் இந்தத் தயக்கமே வராது.

8. கையெழுத்துப் போடும் முன் கேட்க வேண்டியவை

இந்த ஏழு கேள்விகளையும் ஒரு தாளில் எழுதி, வாப்பா, உம்மா, பிள்ளை மூவரும் உட்கார்ந்து பதில் எழுதுங்கள்.

1. விடுதி, பயணம், புத்தகம், தேர்வுக் கட்டணம் எல்லாம் சேர்த்து முழுப் படிப்புக்கும் மொத்தச் செலவு என்ன?

2. இதே பட்டம் அரசுக் கல்லூரியிலோ உதவி பெறும் பிரிவிலோ கிடைக்கிறதா?

3. பட்டத்துக்குப் பின் இரண்டாவது படி என்ன? அதற்கு எத்தனை ஆண்டு, எவ்வளவு பணம்?

4. அந்தக் கல்லூரியில் இதே பாடம் படித்து வெளியேறிய இரண்டு மூன்று பேரிடம் நேரில் பேசினோமா? அவர்கள் இப்போது என்ன வேலையில், என்ன சம்பளத்தில் இருக்கிறார்கள்? கல்லூரி அச்சிட்ட தாளைவிட இதுவே நம்பகமானது.

5. தவணை தொடங்கும்போது மொத்தக் கடன் எவ்வளவு ஆகியிருக்கும்? மாதத் தவணை எவ்வளவு?

6. பிள்ளை இடையில் படிப்பை நிறுத்த நேர்ந்தால் என்ன செய்வோம்? பட்டமும் இல்லாமல் கடனும் மிஞ்சுவதுதான் எல்லாவற்றிலும் மோசமான நிலை. பாடத்தில் பிள்ளைக்கு உண்மையான விருப்பம் இருக்கிறதா என்று அதனால்தான் முதலில் பார்க்கச் சொல்கிறோம்.

7. வட்டியில்லாமல் பெறும் எல்லா வழிகளையும் தேடிவிட்டோமா? குடும்பத்தார், ஜமாஅத் பைத்துல்மால், கல்வி அறக்கட்டளைகள், கல்லூரியின் முன்னாள் மாணவர் உதவி, அரசு உதவித்தொகை ஆகியவற்றைக் கேட்டுப் பார்த்தோமா?

ஏழுக்கும் பதில் எழுத முடிந்தால் நீங்கள் தெளிவாக இருக்கிறீர்கள். மூன்று, நான்காம் கேள்விக்குப் பதில் இல்லையென்றால் இன்னும் ஒரு வாரம் விசாரியுங்கள். அவசரப்பட்டுக் கையெழுத்திட வேண்டாம்.

9. டிரஸ்ட்டின் நடைமுறை

மேலே சொன்ன கணக்கை வைத்தே நம் கல்வி நிதியையும் நடத்தி வருகிறோம். முதல் பட்டத்துக்குப் பெரிய தொகை கொடுப்பதைவிட, பி.எட்., எம்.எஸ்.டபிள்யூ., சட்டம், போட்டித் தேர்வுப் பயிற்சி போன்ற இரண்டாவது படிக்குக் கர்ளன் ஹஸனா எனும் அழகிய கடன் கொடுப்பதற்கே முன்னுரிமை தருகிறோம். ஏனெனில் அந்தக் கட்டத்தில் கொடுக்கும் பணம்தான் விரைவில் சம்பாத்தியமாக மாறித் திரும்பி வந்து, அடுத்த பிள்ளைக்குப் போகிறது. அல்பகரா அத்தியாயத்தின் 282-ஆம் வசனம் காட்டும் வழிப்படி, கடன் எழுத்தில் இருக்கும், சாட்சிகளும் இருப்பார்கள். வேலை கிடைக்கத் தாமதமானால் 280-ஆம் வசனம் அறிவுறுத்தும்படி வசதி வரும்வரை அவகாசமும் உண்டு. அவகாசம் கேட்டு வருவதில் கூச்சம் வேண்டாம். சொல்லாமல் இருந்துவிடுவதுதான் அடுத்தவர் உரிமையைப் பாதிக்கும்.

வசதியுள்ள சகோதரர்களுக்கு ஒரு வேண்டுகோள். மருத்துவ மாணவருக்கும் பொறியியல் மாணவருக்கும் உதவ முன்வருகிற நீங்கள், வரலாறும் சட்டமும் சமூகப் பணியும் படிக்கும் பிள்ளைகளையும் அதே கண்ணோடு பாருங்கள். அவர்களுக்குத் தேவைப்படுவது சிறிய தொகைதான். சரியான நேரத்தில் கிடைக்கும் ஒரு லட்சம், ஒரு குடும்பத்தை வட்டியோடு சேர்த்து 12 லட்சம் கட்ட வேண்டிய கடன் சுமையிலிருந்து காப்பாற்றிவிடும்.

மதிப்பெண் பட்டியலோடு வரும் பெற்றோர் மேற்கண்ட ஏழு கேள்விகளுக்கான பதில் தாளையும் கொண்டுவந்தால், அஸர் தொழுகைக்குப் பின் அலுவலகத்தில் உட்கார்ந்து சேர்ந்து கணக்குப் பார்ப்போம், இன்ஷா அல்லாஹ்.

நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும், ஹலாலான சம்பாத்தியத்தையும், கடனில்லாத நிம்மதியையும் வல்ல அல்லாஹ் தந்தருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.

செயலாளர்